விலை சொன்னவரே வாங்கிய துப்பாக்கி: ஃபிலடெல்ஃபியா வழக்கை முன்வைத்து ஆயுத மதிப்பீடு குறித்த நிகழ்வு ஆய்வு

1863 ஜூலை 1 முதல் 3 வரை, பென்சில்வேனியா மாநிலத்தின் கெட்டிஸ்பர்க்கில் அமெரிக்க உள்நாட்டுப் போரின் மிகக் கொடிய சண்டை நடந்தது. அங்கே வடக்குப் படையை நடத்திய தளபதி ஜார்ஜ் மீட். தெற்குப் படையில் மூன்றாம் நாள் முன்னேறிச் சென்று அழிந்த பெருந்தாக்குதல், அதில் பங்கேற்ற பிரிவுத் தளபதி ஜார்ஜ் பிக்கெட்டின் பெயரால் இன்றுவரை அறியப்படுகிறது. எதிரெதிர் அணியில் நின்ற இவ்விரு தளபதிகளின் வழித்தோன்றல்களும், ஏறத்தாழ 130 ஆண்டுகள் கழித்து, அதே மாநிலத்தைச் சேர்ந்த ஒரே மதிப்பீட்டு நிறுவனத்திடம் ஏமாந்தார்கள். தாத்தாவின் பொருளுக்கு என்ன விலை என்று கேட்டார்கள். சொல்லப்பட்ட விலையை நம்பினார்கள். ஏமாறுவதற்கு அதுவே போதுமானதாக இருந்தது.

பழைய ஆயுதங்களின் மதிப்பீடு குறித்துப் பேச இதைவிடப் பொருத்தமான வழக்கு எனக்குத் தெரியவில்லை. வரிக் கணக்கு, உயில், பாகப்பிரிவினை, நன்கொடை என்று எந்தத் தேவைக்காக ஒரு துப்பாக்கியின் மதிப்பு கேட்கப்பட்டாலும், அந்தத் தொகையைச் சொல்பவர் யார், எதற்காகச் சொல்கிறார் என்ற இரு கேள்விகளும் தொகைக்கு முன்பே கேட்கப்பட வேண்டியவை. அந்தக் குடும்பங்கள் இவற்றைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்ல அருகில் ஒருவரும் இருக்கவில்லை.

நடந்தது

மதிப்பீட்டாளர்கள் இருவர். அவர்கள் பெயர்கள் நீதிமன்றப் பதிவுகளில் உள்ளன. இந்த ஆய்வுக்கு அவை தேவையில்லை. போர்க்காலப் பொருள்களில் வல்லுநர்கள் என்று அறியப்பட்டவர்கள். பாஸ்டன் பொதுத் தொலைக்காட்சி நிலையமான டபிள்யூஜிபிஎச் தயாரித்து 1997 முதல் ஒளிபரப்பான ‘ஆன்டிக்ஸ் ரோட்ஷோ’ நிகழ்ச்சியில், பொதுமக்கள் கொண்டுவரும் வாள்களுக்கும் துப்பாக்கிகளுக்கும் திரையில் தோன்றி விலை சொன்னவர்கள். அந்தத் தோற்றமே அவர்களுக்குப் பெரிய முதலீடாக அமைந்தது. தொலைக்காட்சியில் பார்த்த முகம் கடிதம் எழுதினாலோ வீட்டுக்கு வந்தாலோ யாரும் சான்றிதழ் கேட்பதில்லை.

அதே காலத்தில், பென்சில்வேனியாவின் தலைநகரான ஹாரிஸ்பர்க்கில் தேசிய உள்நாட்டுப் போர் அருங்காட்சியகம் ஒன்றை அமைக்க நகர மேயர் முனைந்திருந்தார். 2001இல் திறக்கப்பட்ட அந்த அருங்காட்சியகத்துக்காக நகராட்சி பெரும் பணம் செலவிட்டுப் பொருள் சேகரித்துவந்தது. வாங்குவதற்குப் பணத்தோடு ஒருவர் காத்திருப்பது மதிப்பீட்டாளர்களுக்குத் தெரியும். பொருளை வைத்திருந்த குடும்பங்களுக்கு எந்த அளவுக்குப் பணம் காத்திருக்கிறது என்பது தெரியாது. சந்தையைப் பற்றிய இந்த அறிவு வேறுபாட்டில்தான் முழு மோசடியும் நின்றது.

பிக்கெட்டின் தொப்பியும், கெட்டிஸ்பர்க் தொடர்பாக அவர் கையால் வரைந்த வரைபடமும் உள்ளிட்ட குடும்பப் பொருள்களை அவருடைய வழித்தோன்றலிடமிருந்து ஏறத்தாழ 88,000 டாலருக்கு வாங்கிய அவர்கள், அவற்றை ஹாரிஸ்பர்க் நகரத்துக்கு ஏறத்தாழ 8,80,000 டாலருக்கு விற்றார்கள். ஒன்றுக்குப் பத்து. மீட் குடும்பத்திடம், போரில் புகழ் பெற்ற தளபதிக்குப் பரிசாக வழங்கப்பட்ட அலங்காரக் கைத்துப்பாக்கி ஒன்று இருந்தது. அதன் மதிப்பு 1,80,000 டாலர் அளவில்தான் என்று அவர்கள் மதிப்பிட்டுச் சொன்னதை நம்பிக் குடும்பம் அதை விற்றது. பின்னர் அது 3,85,000 டாலருக்குக் கைமாறியது. மற்றொரு குடும்பத்திடம், மதிப்பிடுவதற்காக அனுப்பிய மூதாதையின் இராணுவச் சீருடை அசலானதே அல்ல என்று சொல்லப்பட்டது.

தொலைக்காட்சிப் பக்கமும் பொய்யாகவே இருந்தது. முதல் ஆண்டில் ஒளிபரப்பான ஒரு காட்சியில், தெற்குப் படையின் வாள் ஒன்றைக் கொண்டுவந்தவர், சிறுவயதில் அதைக் கொண்டு தர்ப்பூசணி வெட்டியதாகச் சொன்னார். அதற்கு 35,000 டாலர் மதிப்புச் சொல்லப்பட்டது. பார்த்தவர்கள் வியந்தார்கள். வந்தவர் மதிப்பீட்டாளர்களுக்கு முன்பே அறிமுகமானவர் என்பதும், கதை முன்கூட்டியே ஒத்திகை பார்க்கப்பட்டது என்பதும் 2000இல் வெளிப்பட்டன. நிலையம் அவர்களோடு தொடர்பை முறித்துக்கொண்டது.

பிக்கெட்டின் வழித்தோன்றல் ஃபிலடெல்ஃபியாவிலுள்ள மத்திய நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார். குற்றவியல் விசாரணையும் நடந்தது. 2001 மார்ச்சில் இருவர்மீதும் குற்றச்சாட்டு பதிவாயிற்று. அந்த ஆண்டு முடிவதற்குள் இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 2002இல் முதன்மைக் குற்றவாளிக்கு ஓராண்டுச் சிறையும், 8,30,000 டாலர் இழப்பீடு செலுத்தும் கட்டளையும் விதிக்கப்பட்டன.

அந்தத் தொகை எந்த வகை மதிப்பு?

இந்த வழக்கைப் பொய்யர்களின் கதையாக மட்டும் படித்தால் பாதியே விளங்கும். அந்தக் குடும்பங்கள் பெற்றது சட்டத்தின் கண்ணில் மதிப்பீடே அல்ல. வாங்க வந்த வியாபாரி ஒருவர் கேட்ட விலை அது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அமெரிக்க வரிச் சட்டத்தில் மிகத் தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது.

இறந்தவரின் சொத்துக்கு வரிக்காக மதிப்புக் காணும்போது பயன்படும் அளவுகோல் நியாயச் சந்தை மதிப்பு. வாங்கியே தீர வேண்டும், விற்றே தீர வேண்டும் என்ற நெருக்கடி எதுவும் இல்லாமல், உரிய உண்மைகளை ஓரளவு அறிந்த நிலையில், மனமுவந்து வாங்குபவரும் மனமுவந்து விற்பவரும் ஒத்துக்கொள்ளும் விலை அது. ‘உரிய உண்மைகளை அறிந்த நிலையில்’ என்ற சொற்களை அழுத்தி வாசிக்க வேண்டும். ஹாரிஸ்பர்க் நகரம் எவ்வளவு தரத் தயாராக இருக்கிறது என்பதை அறியாமல் விற்ற குடும்பத்தின் விற்பனை விலை, இந்த வரையறையின்படி அந்தப் பொருள்களின் மதிப்பாக ஒருபோதும் ஆகாது.

விதிகள் இன்னொன்றையும் சொல்கின்றன. பொதுமக்கள் ஒரு பொருளைப் பெரும்பாலும் எந்தச் சந்தையில் வாங்குகிறார்களோ, அந்தச் சந்தையின் விலையே கணக்கில் கொள்ளப்பட வேண்டும். விதி தரும் எடுத்துக்காட்டு பழைய கார்: இறந்தவரின் கார் மதிப்பு என்பது, அதே வகை, அதே நிலையிலுள்ள காரைப் பொதுமக்களில் ஒருவர் வாங்கக்கூடிய விலை, பழைய கார் வியாபாரி அதற்குத் தரும் விலை அல்ல. துப்பாக்கிக் கடைக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்து, ‘அனைத்துக்கும் சேர்த்து இவ்வளவு தருகிறேன்’ என்று சொல்லும் தொகையை அப்படியே வரிக் கணக்கில் எழுதும் வாரிசுகள் ஏராளம். தம் இலாபத்தையும், கடை வாடகையையும், பொருள் விற்காமல் கிடக்கும் காலத்தையும் கழித்துக்கொண்டுதான் கடைக்காரர் அந்தத் தொகையைச் சொல்கிறார். அது அவருடைய தொழிலுக்கு நேர்மையான கணக்கு. வரிக்குரிய மதிப்பு அது அல்ல என்பதுதான் இங்கே பேச வேண்டியது.

மதிப்பு என்ற சொல் இடத்துக்கு இடம் பொருள் மாறும். காப்பீட்டுக்காகக் கேட்டால், தொலைந்த பொருளுக்கு ஈடான ஒன்றைக் கடையில் உடனே வாங்கத் தேவைப்படும் தொகை சொல்லப்படும். அது பொதுவாக உயர்ந்தே இருக்கும். கடனை அடைக்க அவசரமாக விற்றால் கிடைக்கும் விலை வேறு, அது தாழ்ந்திருக்கும். அந்த ஹாரிஸ்பர்க் நகரமே இதற்குச் சான்று: அதே மேயர் காலத்தில் இன்னொரு அருங்காட்சியகத்துக்காக வாங்கிக் குவித்த மேற்குப் பகுதிப் பழம்பொருள்களை, கடனில் மூழ்கிய நகரம் 2013இல் ஏலத்தில் விற்றது, கொடுத்து வாங்கிய பணம் திரும்பி வரவில்லை. ஏல விலையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சுத்தியல் தட்டும்போது அறிவிக்கப்படும் தொகையோடு, வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குச் செலுத்தும் கட்டணத்தையும் சேர்த்தால்தான் வாங்குபவர் உண்மையில் கொடுத்த விலை தெரியும். அமெரிக்க வருவாய்த் துறை அந்தக் கூட்டுத் தொகையையே பார்க்கிறது. ஆகவே எந்த நோக்கத்துக்காக, எந்த நாளைய நிலவரப்படி, எந்த வகை மதிப்பு என்று எழுதப்படாத ஒரு தொகை, நீதிமன்றத்திலும் வரி அலுவலகத்திலும் ஒரு பக்கமும் நிற்காது.

ஒரு பக்கச் சான்றுரை

அமெரிக்காவில் வீடு நிலங்களை மதிப்பிடுவோருக்கு மாநில உரிமம் உண்டு. துப்பாக்கி, வாள், ஓவியம், நகை போன்ற அசையும் பொருள்களை மதிப்பிடுவோருக்கு அப்படியொரு உரிமம் கிடையாது. யார் வேண்டுமானாலும் மதிப்பீட்டாளர் என்று பலகை மாட்டிக்கொள்ளலாம். இந்த வெற்றிடத்தை ஓரளவு நிரப்புவது, மதிப்பீட்டு அறக்கட்டளை வெளியிடும், தொழிலில் யூஸ்பாப் என்று அழைக்கப்படும் ஒரே சீரான தொழில்முறை விதித்தொகுப்பு. அதைப் பின்பற்றி எழுதப்படும் ஒவ்வொரு அறிக்கையிலும் மதிப்பீட்டாளர் கையெழுத்திட்ட ஒரு சான்றுரை இருந்தாக வேண்டும். அந்தப் பொருளில் தமக்கு இப்போதோ இனியோ எந்த ஆதாயமும் இல்லை (இருந்தால் அது என்னவென்று). தம் கட்டணம் குறிப்பிட்ட தொகையைச் சொல்வதைச் சார்ந்ததல்ல. கடந்த மூன்று ஆண்டுகளில் இந்தப் பொருள் தொடர்பாகத் தாம் செய்த பணிகள் இவை என்று அதில் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

ஃபிலடெல்ஃபியா வழக்கில் இந்த ஒரு பக்கத்தை யாராவது கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். பொய் சொல்லத் துணிந்தவர் அதிலும் பொய்யாகக் கையெழுத்திட்டிருக்கலாம். ஆனால் பொருளைத் தாமே வாங்கப்போகும் ஒருவர், அதில் எனக்கு ஆதாயம் இல்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டு மறுவாரம் காசோலை நீட்டுவது கடினம். நீட்டினால் அந்தக் காசோலையே கண்ணெதிரில் நிற்கும் எச்சரிக்கை. சான்றுரை பொய்யரைத் திருத்துவதற்காக அல்ல, குடும்பத்தின் கண்ணைத் திறப்பதற்காகப் பயன்படுகிறது.

நன்கொடைக்கான வரிச் சலுகையில் சட்டம் இன்னும் கடுமையானது. 5,000 டாலருக்கு மேற்பட்ட பொருள் ஒன்றை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துக் கழிவு கோரினால், தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் முறையான அறிக்கை வேண்டும். படிவம் 8283இல் அவர் கையெழுத்தும், பெற்றுக்கொண்ட அமைப்பின் கையெழுத்தும் வேண்டும். 5,00,000 டாலருக்கு மேல் போனால் (கலைப்பொருள், பழம்பொருள் வகையில் 20,000 டாலர் முதலே) அறிக்கையையே கணக்கோடு இணைக்க வேண்டும். கொடுப்பவரோ, பெறும் அமைப்போ, அவர்களுடைய ஊழியரோ அந்த மதிப்பீட்டைச் செய்ய முடியாது. கொடுப்பவருக்கு அந்தப் பொருளை விற்ற வியாபாரியும் பொதுவாக விலக்கப்பட்டவரே. கட்டணம் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று இருக்கவே கூடாது. நன்கொடை நாளுக்கு 60 நாளுக்கும் முன்பே எழுதப்பட்ட அறிக்கையும் செல்லாது. பெறும் அமைப்பு தன் பணிக்காகவே அந்தப் பொருளைப் பயன்படுத்தினால்தான் முழுச் சந்தை மதிப்பும் கழிவாகக் கிடைக்கும். போர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த ரிவால்வர் காட்சிப் பேழையில் இருந்தால் சரி, மருத்துவமனை நிதிக்காகக் கொடுத்து உடனே ஏலம் விடப்பட்டால் கணக்கே மாறிவிடும்.

தாழ்த்திச் சொன்னால் இலாபமா?

மதிப்பைக் குறைத்துக் காட்டினால் வரி மிச்சம் என்ற நம்பிக்கை வாரிசுகளிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஏமாற்றுபவர் குறைத்துச் சொல்லும்போது குடும்பம் ஐயப்படாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். குறைந்த தொகை அவர்கள் காதுக்கு இனிமையாகவே ஒலிக்கிறது. மீட் துப்பாக்கியின் இரு தொகைகளையும் இன்றைய சட்டத்தில் பொருத்திப் பார்ப்போம்.

அதே துப்பாக்கி, பென்சில்வேனியாவில் இன்று இறந்த ஒருவரிடமிருந்து அவர் மகளுக்கு வருவதாகக் கொள்வோம். அந்த மாநிலம் மரபுரிமை வரி விதிக்கிறது: துணைவருக்கு இல்லை, பிள்ளைகளுக்கு 4.5 சதவீதம், உடன்பிறந்தோருக்கு 12, பிறருக்கு 15. மதிப்பு 1,80,000 டாலர் என்று எழுதினால் மகள் செலுத்தும் வரி 8,100 டாலர். 3,85,000 என்று எழுதினால் 17,325 டாலர். மிச்சம் 9,225 டாலர் என்று தோன்றும். மத்திய அரசின் மரணச் சொத்து வரி 2026இல் ஒருவருக்கு 1.5 கோடி டாலர் வரை இல்லை என்பதால், பெரும்பாலான குடும்பங்களுக்கு அது வரவே வராது.

மகள் பிறகு அந்தத் துப்பாக்கியை 3,85,000 டாலருக்கு விற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மரபுரிமையாக வந்த பொருளுக்கு அடக்க விலையாகக் கொள்ளப்படுவது, தாத்தா காலத்தில் கொடுத்த விலை அல்ல. இறந்த நாளன்று இருந்த சந்தை மதிப்பு. அது 3,85,000 என்று அறிக்கையோடு நிறுவப்பட்டிருந்தால் விற்பனையில் ஆதாயமே இல்லை, வரியும் இல்லை. அவளே 1,80,000 என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் 2,05,000 டாலர் ஆதாயம்; பழம்பொருள் சேகரிப்புக்கு உரிய உச்ச விகிதமான 28 சதவீதத்தில் அது 57,400 டாலர் வரி. 9,225 டாலரை மிச்சம் பிடிக்கப் போய் 57,400 டாலரை இழக்கும் கணக்கு இது. மத்திய அரசின் மரணச் சொத்து வரி வரம்புக்குள் வராத குடும்பங்களுக்கு முன்பும் இதே நிலைதான். இன்றைய உயர்ந்த வரம்பில் இது கிட்டத்தட்ட எல்லோருக்கும் பொருந்துகிறது.

சொத்து 1.5 கோடியைத் தாண்டியவர்களுக்கு வேறு அபாயம். கணக்கில் காட்டிய மதிப்பு உண்மை மதிப்பில் 65 சதவீதத்துக்கு மிகாமல் இருந்தால், குறைவாகச் செலுத்திய வரியின்மீது 20 சதவீதம் அபராதம். 40 சதவீதத்துக்கு மிகாமல் இருந்தால் 40 சதவீதம். 1,80,000 என்பது 3,85,000இல் 47 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. அது முதல் வகையில் நேராக விழும். நன்கொடையில் இதற்கு நேர்மாறாக, உண்மை மதிப்பின் ஒன்றரை மடங்கு காட்டினால் 20 சதவீதம், இரு மடங்கு காட்டினால் 40 சதவீதம் அபராதம். தொலைக்காட்சியில் யாரோ வியந்து சொன்ன தொகையை எடுத்துக்கொண்டு நன்கொடைப் படிவம் நிரப்பும் ஆசை இங்கேதான் தடுக்கப்படுகிறது. தவறாக மதிப்பிட்ட மதிப்பீட்டாளர்மீதும் தனி அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

இரும்பும் காகிதமும்

நேர்மையான மதிப்பீட்டாளர் அந்தக் கைத்துப்பாக்கியைக் கையில் எடுத்தால் என்ன பார்த்திருப்பார்? முதலில் குண்டு இல்லை என்பதை உறுதி செய்வார். இதைச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைப்போர் உண்டு. நூற்றைம்பது ஆண்டுகள் அலமாரியில் கிடந்த வாய்வழிக் குண்டேற்றும் துப்பாக்கிகளுக்குள் இன்னும் மருந்தும் ஈயக்குண்டும் இருந்த செய்திகள் உண்டு.

அடுத்து தொடர் எண். சட்டகம், குழல், சுழலுருளை என்று எண் பொறிக்கப்பட்ட பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பார். உலோகத்தின் மீதுள்ள அசல் நீலப்பூச்சு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, அது தொழிற்சாலைப் பூச்சா, பின்னாளில் யாரோ அழகுக்காகப் பூசியதா என்பது விலையைப் பாதியாகவும் ஆக்கும், கால்பங்காகவும் ஆக்கும். திருகாணித் தலைகள் சிதைந்திருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள். பொறித்த எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருந்தால் தேய்த்திருக்கிறார்கள். பளபளவென்று துடைத்துவிட்டுக் கொண்டுபோனால் நல்ல விலை வரும் என்று எண்ணி, வாரிசுகளே மதிப்பைத் தேய்த்து அழித்துவிடும் கொடுமை அடிக்கடி நடக்கிறது. எனக்கு இது மிகுந்த வருத்தம் தருவது. மதிப்பீட்டாளர் வரும்வரை எண்ணெய்த்துணியைக்கூடத் தொட வேண்டாம் என்பதே பொறுப்புள்ளவர்கள் சொல்லும் அறிவுரை.

இவை அனைத்தும் இரும்பைப் பற்றியவை. மீட் துப்பாக்கி போன்றவற்றில் விலையின் பெரும்பகுதி இரும்பில் இல்லை. உள்நாட்டுப் போர்க்கால ரெமிங்டன் ரிவால்வர்கள் இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டவை. சாதாரணமானவை சில ஆயிரம் டாலருக்குள் இன்றும் கிடைக்கின்றன. அதே வகைத் துப்பாக்கிகள் இரண்டு, பொறிப்பு வேலைப்பாட்டோடு தளபதி யுலிசிஸ் கிராண்டுக்குப் பரிசாகத் தரப்பட்டவை, 2022 மேயில் ராக் ஐலண்டு ஏல நிறுவனத்தில் 51.7 லட்சம் டாலருக்கு விற்றன. பில்லி தி கிட் என்ற கொள்ளையனைச் சுட்டுக்கொல்ல ஷெரீஃப் பாட் காரெட் பயன்படுத்திய கோல்ட் (Colt) நிறுவன ரிவால்வர், 2021 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸில் பான்ஹாம்ஸ் ஏலத்தில் 60.3 லட்சம் டாலர் பெற்றது. யார் கையில் இருந்தது, அங்கிருந்து இன்றைய உரிமையாளரிடம் எப்படி வந்து சேர்ந்தது என்ற கைமாறிய வரலாறுதான் ஆயிரங்களை இலட்சங்களாக்குகிறது.

கைமாறிய வரலாறு வாய்மொழியாக இருந்தால் போதாது. பரிசளித்தபோது எழுதிய கடிதம், பழைய உயிலின் பட்டியல், புகைப்படம், நாளிதழ்க் குறிப்பு ஆகியவை வேண்டும். கோல்ட் நிறுவனத்தின் ஆவணக் காப்பகம் தொடர் எண்ணைக் கொடுத்தால், அந்தத் துப்பாக்கி எப்போது, யாருக்கு அனுப்பப்பட்டது என்று கடிதம் தருகிறது. வின்செஸ்டர் நிறுவனத்தின் பழைய பதிவேடுகள் வயோமிங் மாநிலத்தின் கோடி (Cody) நகரிலுள்ள ஆயுத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மீட் குடும்பத்தைப் போன்ற நேரடி வழித்தோன்றல்கள் கையிலுள்ள பொருளுக்கு இந்தச் சங்கிலி அறுபடாமல் இருக்கிறது. அதாவது, மதிப்பில் மிகப் பெரிய பங்கைக் கொடுத்ததே அந்தக் குடும்பம்தான். தாங்கள் கொண்டுவந்த அந்தப் பங்குக்கு என்ன விலை என்று அவர்களிடம் மறைக்கப்பட்டது. இந்த வழக்கில் என்னை மிகவும் உறுத்துவது இதுதான்.

சட்டநிலை மதிப்பின் ஒரு பகுதி

மீட் துப்பாக்கி ஒரு வகையில் எளிய பொருள். 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி 1898இலோ அதற்கு முன்னரோ செய்யப்பட்ட துப்பாக்கி பழம்பொருள். மத்தியச் சட்டத்தில் உரிமம் பெற்ற வியாபாரி வழியாகத்தான் கைமாற வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. மாநிலச் சட்டத்தைத் தனியே பார்க்க வேண்டும் என்பது வேறு.

இருபதாம் நூற்றாண்டு ஆயுதம் வீட்டில் கிடைத்தால் நிலைமை தலைகீழ். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர் பெட்டிக்குள் கொண்டுவந்த ஜெர்மானிய இயந்திரத் துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி அது பதிவாகியிருக்க வேண்டும். பதிவு செய்யாதவர்களுக்கு 1968இல் ஒரே ஒரு மாதம் மன்னிப்புக் காலம் தரப்பட்டது. 1986 மே 19 முதல் பொதுமக்களுக்கான புதிய இயந்திரத் துப்பாக்கிப் பதிவே நிறுத்தப்பட்டது. எனவே பதிவுத்தாள் உள்ள இயந்திரத் துப்பாக்கிகளின் எண்ணிக்கை கூடப்போவதில்லை. விலை பல பத்தாயிரம் டாலர்களுக்கு ஏறிவிட்டது. அதே வடிவம், அதே நிலை, பதிவு இல்லாதது என்றால் அதற்குச் சட்டபூர்வ விலையே கிடையாது. வைத்திருப்பதே பத்தாண்டு வரை சிறைக்குரிய குற்றம். ஒரு தாள் இருப்பதற்கும் இல்லாததற்கும் இடையில் முழு மதிப்பும் தொங்குகிறது. பதிவானதென்றால் உயிலை நிறைவேற்றுபவர் துப்பாக்கிப் பதிவுகளைக் கவனிக்கும் மத்திய அரசின் ஏடிஎஃப் துறையின் படிவம் 5 வழியாக, மாற்றுவரி இல்லாமலே, சட்டபூர்வ வாரிசுக்கு அதை மாற்றித் தரலாம். தாள் கிடைக்கவில்லையெனில், யாரிடமும் விலை கேட்பதற்கு முன், வண்டியில் வைத்து எங்கும் கொண்டுசெல்வதற்கும் முன், வழக்குரைஞரை அழைப்பதே முறை.

நல்ல மதிப்பீட்டாளர் பட்டியலிடும்போதே இந்தப் பிரிப்பைச் செய்துவிடுகிறார்: பழம்பொருள், ஐம்பதாண்டு கடந்த சேகரிப்புப் பொருள், சாதாரண நவீனத் துப்பாக்கி, பதிவுக்குரியது. அவர் வீட்டுக்கு வந்து பார்ப்பதே வசதி. கடையில் விட்டுவந்தால், உரிமம் பெற்ற வியாபாரி அதைத் தம் பதிவேட்டில் ஏற்ற நேரும். திரும்ப எடுக்கும்போது பின்னணிச் சோதனையும் வரலாம்.

அறிக்கையில் இருக்க வேண்டியவை பற்றி நீட்ட வேண்டியதில்லை. பொருளின் முழு விவரமும் படங்களும், மதிப்பின் வகை, மதிப்பீட்டு நாள், நோக்கம், ஒப்பிட்டுப் பார்த்த விற்பனைகள், அவற்றுக்கும் இந்தப் பொருளுக்கும் உள்ள வேறுபாடு, மதிப்பீட்டாளரின் தகுதி, மேலே சொன்ன சான்றுரை. ஒப்பிட்ட விற்பனைகளின் பக்கமே உயிர். பிக்கெட்டின் பொருள்களுக்கு 88,000 டாலர் என்று சொன்னவரிடம், ஒத்த பொருள்கள் எங்கே, எப்போது, எவ்வளவுக்கு விற்றன என்று நான்கு வரிகள் எழுதித் தரச் சொல்லியிருந்தால், அந்த நான்கு வரிகளை அவரால் எழுதியிருக்க முடியாது. அமெரிக்க மரணச் சொத்து வரி விதிகளும் இதையே எதிர்பார்க்கின்றன: கலை மதிப்போ தனி மதிப்போ உள்ள வீட்டுப் பொருள்களின் கூட்டு மதிப்பு 3,000 டாலரைத் தாண்டினால், நிபுணர் உறுதிமொழியோடு எழுதிய மதிப்பீட்டைக் கணக்கோடு இணைக்க வேண்டும், அந்த நிபுணர் நற்பெயரும் ஏற்கப்பட்ட திறமையும் உள்ளவரா என்று கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் விதியே சொல்கிறது.

ஹாரிஸ்பர்க் அருங்காட்சியகம் 2001இல் திறக்கப்பட்டபோது, பிக்கெட் குடும்பத்துக்கும் மதிப்பீட்டாளர்களுக்கும் இடையிலான வழக்கு ஏற்கெனவே நீதிமன்றத்தில் இருந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் குற்றப்பத்திரிகை வந்தது. நகரத்தின் பணத்துக்குப் பொருள் கிடைத்துவிட்டது. இழப்பீட்டுக் கட்டளையில் குறிக்கப்பட்ட 8,30,000 டாலர், 88,000 என்றும் 1,80,000 என்றும் நம்பிக் கையெழுத்திட்டவர்களுக்கு அவர்கள் பொருளின் உண்மை விலையை முதன்முறையாக எழுத்தில் காட்டிய தொகைகளுள் ஒன்று. அதை எழுதியது மதிப்பீட்டாளர் அல்ல, நீதிபதி.